கால் குத்தாமல்

ஹாண்டிலின் நடுவில் சந்தனப் பொட்டு, அதற்குள் குங்குமம். நிலவறையின் மங்கல் வெளிச்சத்தில் அதைக் கண்டதும் கதிர்காமநாதன் அப்படியே நின்றுவிட்டார்.

"பாத்தியே," என்றார் சைக்கிளிடம். "வாய்தான் கத்தும். மனசு தங்கம்."

மனசு தங்கம் என்றது மனைவி சுந்தரேஸ்வரியை. போன கிழமை மலிவுக் கடை வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று, இருபத்தொரு கியர் வைத்த நீல மவுண்டன் பைக் ஒன்றை அவர் உருட்டிக்கொண்டு வந்தபோது, உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமலே சட்டம் போட்டவள் அவள்தான்.

"எங்கடை ஏத்தத்திலை கால் குத்தாமல் ஏறி வந்தால் வைச்சிருங்கோ. ஏலாட்டி வாற சனிக்கிழமை திருப்பிக் குடுங்கோ. ஏறேலாதவைக்கு எதுக்குச் சைக்கிள்? கெல்லரிலையும் இன்னொண்டுக்கு இடமில்லை."

கெல்லர் என்பது இந்த நிலவறை. மாடி வீட்டுக்காரர் எல்லாருடைய சைக்கிளும் இங்கேதான் நெருக்கியடித்து நிற்கும். அந்தக் கடை வருடா வருடம் அதே நீலச் சைக்கிளை விற்பதால் பாதிக்குப் பாதி நீலம்.

ஜெர்மனியின் வுப்பர்டாலில் ஏற்றம் என்றால் விளையாட்டில்லை. இவர்கள் தெரு ஆற்றங்கரையில் தொடங்கி நேரே மேலே போகும், வீடு உச்சியில். ஒரு கிழமையாகத் தினமும் வேலை முடிந்து வந்து முயன்றும், பாதி வழியில் இருக்கும் பேக்கரியை அவர் தாண்டியதே இல்லை. முன் பிரேக் சில்லோடு உரசிக் கிறீச்சிட்டு ஊரைக் கூட்டும். அவர் காலைக் குத்தி, நாக்குத் தள்ள, சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். பல்கனியில் நிற்பவள் சிரிப்பாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இன்று சனிக்கிழமை. கடைப் பற்றுச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்துவிட்டாள். ஐம்பத்து நாலு வயதில் ஆசைப்பட்டு வாங்கியதைத் திருப்பிக் கொண்டுபோய், 'ஏன், பிடிக்கவில்லையா?' என்று காசாளர் கேட்க என்ன பதில் சொல்வது?

ஆனால் இந்தப் பொட்டு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. நேற்று வெள்ளிக்கிழமை. புது வாகனத்துக்குப் பொட்டு வைக்காமல் அவளால் இருக்க முடியுமா? அவர் நித்திரையான பிறகு இறங்கி வந்திருக்கிறாள்.

வெளியே கொண்டுவந்து ஏறி உட்கார்ந்தார். சீட் நன்றாகப் பதிந்திருந்தது, முழங்கால் வயிற்றில் முட்டியது. விழப் பார்த்தாலும் கால் நிலத்தில் எட்டட்டும் என்று அதையும் அவள்தான் இறக்கியிருக்க வேண்டும். கதிர்காமநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு பிரேக்கை விட்டார்.

ஜாக்கெட் உப்பியது, தொப்பி பறந்தது, எடுக்கத் தோன்றவில்லை. ஆற்றங்கரைக்கு வந்து, தலைக்கு மேல் தொங்கியபடி போகும் ரயிலோடு போட்டி போட்டார். ரயிலுக்குள் இருந்த ஒரு கிழவர் கை காட்டினார். பதிலுக்கு இரண்டு கையையும் தூக்கப் போய், குப்பைத் தொட்டிக்கு ஒரு சாண் தள்ளித் தப்பினார். தனியே சிரித்துக்கொண்டார்.

சைக்கிளைத் திருப்பி, முருகனை நினைத்துக்கொண்டு ஏற்றத்தில் விட்டார்.

கிறீச் சத்தத்தைக் காணோம். கியர் தொட்ட உடனே விழுந்தது. பொட்டுக்கு இவ்வளவு சக்தியா என்று அவருக்கே புல்லரித்தது.

பேக்கரி வந்தது. உள்ளே நின்ற பெண் நீலச் சைக்கிளைக் கண்டதும் பழகிய ஆளுக்குக் காட்டுவதுபோலக் கை தூக்கினாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் கையைப் பாதியில் இறக்கிவிட்டாள். பிரமித்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தார்.

தொடை எரிந்தது. நெஞ்சு மேளம் அடித்தது. ஆனால் கால் நிலத்தில் படவில்லை.

வீட்டு வாசலில், தெருவோரமாகவே சுந்தரேஸ்வரி நின்றாள். கோட்டும் கைப்பையுமாக, முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் புறப்பட்ட கோலம். மற்ற நாட்களில் அவர் வேலைக்குப் போன பிறகு புறப்பட்டு, அவர் வருமுன் திரும்பிவிடுவாள். பஸ்ஸைத் தவற விட்டாலும் பரவாயில்லை என்று தன் வெற்றியைப் பார்க்க நிற்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

"கெதியா வாங்கோ," என்று கையை வீசிக் கூப்பிட்டாள். "இன்னும் கெதியா."

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் இப்படி உற்சாகப்படுத்தியதில்லை. எழுந்து நின்று மிதித்து, அவள் முன்னால் வந்து பிரேக் பிடித்தார். உலகத்தையே வென்றுவிட்ட சந்தோசம் அவருக்கு.

"கால் குத்தேல்லை. கண்ணாலை பாத்தனீர்தானே?" மூச்சு வாங்கியது. "சைக்கிள் இனி ஒரு இடமும் போகாது."

"ஓம், பாத்தனான்."

"எல்லாம் உம்மடை பொட்டாலைதான் அப்பா. நீர் எனக்காக..." அவர் விரலால் பொட்டைக் காட்டினார்.

சுந்தரேஸ்வரி பொட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு, கைப்பையை ஹாண்டிலில் மாட்டினாள்.

"இறங்குங்கோ. உங்கடை சைக்கிள் கெல்லருக்குள்ளை நிக்குது, இதிலை நான் ஒரு வருசமா வேலைக்குப் போறன்."