நான்கு எலுமிச்சம்பழங்கள்

தரை வாசலைப் பார்த்துச் சரிந்திருந்த ஷெட்டில், தணிகாசலத்தின் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒன்றென நான்கு எலுமிச்சம்பழங்கள் இருந்தன. வேலை முடிந்து வண்டி முதன்முதலாக வெளியே இறங்கும்போது நசுங்க வேண்டியவை. ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் வாடிய பழங்களை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டிருந்தார். வண்டிதான் நகரவில்லை. கார்புரேட்டரை மாற்றினால் கியர்பாக்ஸில் ஏதோ சத்தம் என்பார். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றினால் பின் அச்சில் என்பார். கிடைக்காத பாகங்களை லேத்தில் கடைந்து போட்டே மெக்கானிக் அமல்ராஜ் முக்கால் காரைப் புதிதாக்கிவிட்டார்.

"திங்கக்கிழமையோட உங்க லைசென்ஸ் முடியுது சார். இந்தக் கண்ணுக்குத் திரும்பத் தரமாட்டாங்க. இன்னிக்கு எடுத்துருவோம்" என்று சொல்லி, அமல்ராஜே உள்ளே உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினார். சீராக ஓடியது. தணிகாசலம் பக்கவாட்டில் நின்று குனிந்து, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு சத்தம் வருது, அமலு."

அமல்ராஜ் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார்.

"இப்ப?"

தணிகாசலம் கண்ணைத் திறக்கவில்லை. "இப்பத்தான் நல்லாக் கேக்குது."

அமல்ராஜ் ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். முதல் பழம் நசுங்கிய சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.