மாற்றிக்கொண்ட தூக்கம்

பெற்றவரும் பிள்ளையும் கட்டிக்கொண்டால் இருவர் தூக்கத்தையும் மாற்றிவிடும் கைப்பட்டை வீட்டுக்கு வந்த முதல் மதியமே, ஏழு மாதக் குழந்தை தொட்டிலில் போட்டதும் பெரிய மனுஷன் மாதிரி குறட்டை விட்டது. பூவராகன் பூரித்துப்போனான். மனைவி தெய்வானையோ அவன் தோளில் சாய்ந்து, கண்மூடியதுமே கனவில் சிரித்தாள்.

மூன்று மணிக்கு அவனுக்குத் தொலைபேசியில் நேர்காணல். ஐந்து மாதமாக வேலையில்லை. மெல்ல அவளைத் தலையணைக்கு மாற்றினான்.

"இறக்காதீங்க!" என்று சிணுங்கி எழுந்துவிட்டாள்.

மூன்று தடவை இதே கூத்து. நாலாவது முறை தட்டிக்கொடுக்கும்போது அழைப்பு வந்தது.

"மன்னிக்கணும் மேடம், சத்தமா பேச முடியாது" என்று கிசுகிசுத்தான்.

அதிகாரியும் கிசுகிசுத்தார்: "என்னாலயும் முடியாது. எங்க வீட்டுலயும் அந்தத் தூக்கப் பட்டைதான், கட்டிக்கிட்ட வீட்டுக்காரர் இப்பத்தான் என் மடியில கண்ணசந்தார். நீங்க தட்டுறது கேக்குது, பொறுமைசாலிதான். திங்கக்கிழமை வந்து சேருங்க."