பூட்டிவைத்த பை

மன்சூர் அலி வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

என் கணவர் காலமாகிப் பதிமூன்றாம் நாள். மாதுங்கா வீட்டுக் கூடம் நிறைய ஜனம். இவருடைய சிநேகிதர் டாக்டர் அனந்தகிருஷ்ணன் பேசிக்கொண்டிருந்தார்.

“ஜம்பு மாதிரி டாக்டர் உண்டா? வாசலுக்கு வந்த ஒருத்தரை இல்லைன்னு திருப்பி அனுப்பினதில்லை. ஆத்துக்காரி பேச்சையும் தட்டினதில்லை!”

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மன்சூர் அலியையே பார்த்தேன்.

திருப்பி அனுப்பியவள் நானல்லவா!

இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அறுபத்துமூன்றாம் வருஷத்து ஜூலை மழை. தாராவியில் ரோடெல்லாம் முழுகி, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத காலை. பிரசவ வலியில் பெண்டாட்டி துடிக்கிறாள், குழந்தையின் கால் முதலில் வருகிறது என்று மன்சூர் அலி ஓடி வந்திருந்தான்.

நெஞ்சுவலி வந்து பத்து நாள்கூட ஆகாத மனுஷர் உள்ளே படுத்திருந்தார். ஒரு படி ஏறக் கூடாது என்று அனந்தகிருஷ்ணன் உத்தரவு. எங்களுக்கோ மூன்றாவது மாடி. மருந்துப் பையைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன்.

“டாக்டர் பூனாவுக்குப் போயிருக்கார்” என்று கூசாமல் சொன்னேன்.

கதவைச் சாத்திவிட்டுக் குளித்தேன், பூஜை செய்தேன், சமைத்தேன். அவர் அறைக் கதவு மூடியிருந்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். “நன்னாத் தூங்கினேன்” என்றார். வேஷ்டி மாற்றியிருந்தார். வியர்த்திருக்கும் என்று நினைத்தேன்.

விளக்கேற்றும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் சொன்ன பொய்க்குத்தான் பகவான் இப்படிச் செய்துவிட்டான் என்று பதிமூன்று நாளாகச் செத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பிழைத்தாளா? யாரிடம் போய்க் கேட்பேன்?

மன்சூர் அலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். பாவி, எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறான்!

செய்தித்தாளில் சுற்றிய ஒரு குடையை நீட்டினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“பொண்டாட்டியும் பிள்ளையும் சொகமா இருக்காவம்மா. அன்னைக்கு நான் ரோட்டுக்கு வரயில, பின்படி வழியா டாக்டரய்யா வந்து நிக்காவ. கையில பையி இல்ல, இந்தக் கொடை மட்டும்தான். வீட்ல தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிருவாவ, சொல்லாதீருன்னாவ. மழை விட்டுட்டுல்லா, இதை மறந்துட்டுப் போயிட்டாவ.”

பின்படியா? துப்புரவுக்காரர் மட்டும் ஏறுகிற அந்த இரும்புப் படியா?

மூன்று மாடி. இறங்கினால் போதுமா, ஏறவும் வேண்டாமா?

கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. நன்றாகத் தூங்கினாராம், நன்றாக!

“யாரும்மா? என்ன சொல்றான்?” என்றார் அனந்தகிருஷ்ணன்.

குடையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஒண்ணுமில்லை. இவர் பூனாவுக்குப் போனப்போ மறந்துட்டு வந்த குடையாம்.”