நல்ல தூக்கம்

தமயந்தி கண் விழித்தபோது கூடாரத்துணியில் வெயில் ஏறியிருந்தது. போன கோடையில் இதே பள்ளத்தாக்கில்தான் அவள் கணவன் அருள்மணி பாறையிலிருந்து வழுக்கி விழுந்து இறந்தான். அந்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று மாமனார் பிடிவாதம் பிடித்ததால் அழைத்து வந்திருந்தாள். கூடாரத்தின் வாயிலைத் திறந்தால் எதிரே அந்தப் பாறை. அதன் முன்னால் அடித்துப்போட்டாற்போல் தூங்கியிருக்கிறாள். நினைத்ததும் உடம்பு கூசியது. பக்கத்துக் கூடாரத்தில் மாமனாரின் குறட்டை கேட்டது. அது ஓயும்வரை படுத்திருந்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வழிகாட்டி மாதையன் அடுப்பு மூட்டி வரக்காப்பி போட்டிருந்தார்.

“பொட்டுத் தூக்கம் இல்லம்மா,” என்றார் மாமனார், பாறைப் பக்கம் திரும்பாமல். “இங்க வந்து எப்படித் தூங்குறது? நீயாவது தூங்கினியா?”

“இல்ல மாமா.”

மாதையன் சிரித்துவிட்டார். “அப்ப அந்தக் குறட்டை யாருதுங்க? கரடிதான் வந்துருச்சுன்னு நான் கம்பத் தூக்கிட்டு ஓடியாந்தேன்.”

மாமனாரின் கையில் தம்ளர் அப்படியே நின்றது.

“நாந்தாண்ணே,” என்றாள் தமயந்தி. “நல்லாத் தூங்கிட்டேன்.”

மாமனார் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறிப்போன காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.