முதல் பெட்டைக்குட்டி

ஹெப்சி வேலை பார்க்கும் திருச்சபைத் தொண்டு நிறுவனம் ஒரு வீட்டுக்கு ஆடு கொடுத்தால், அது ஈனும் முதல் பெட்டைக்குட்டி வரிசையில் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். கிடா பிறந்தால் ஆடு வளர்ப்பவளுக்கே சொந்தம். இந்த ஊரில் ஆடு மாடத்தியிடம் இருந்தது, அடுத்தவள் பூவம்மாள். போன ஈற்றில் பிறந்த இரண்டும் கிடா. "உன் ராசி அப்படிடி" என்று மாடத்தி சிரித்தாள். பூவம்மாளும் கூடச் சிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து தினமும் காட்டில் குழை ஒடித்து வந்து அந்த ஆட்டுக்குப் போட்டாள். இன்று மத்தியானம் ஹெப்சி வந்திருந்தபோது அது மறுபடி ஈன்றது. முதலில் வந்தது கிடா. அடுத்தது வெகுநேரம் சிக்கிக் கிடந்து, கடைசியில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. பெட்டைதான், ஆனால் மூச்சு இல்லை. ஹெப்சி விலங்கியல் படித்தவள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பூவம்மாள் குட்டியின் வாயை முந்தானையால் துடைத்து, மூக்கில் வாய் வைத்து ஊதினாள். "ஊதுடி, உன் குட்டிதான" என்றாள் மாடத்தி. இந்த முறை சிரிக்கவில்லை. "சும்மா நிக்கியளே டீச்சர், ஒரு ஜெபமாவது பண்ணுங்க" என்று பூவம்மாள் ஊதுவதற்கு நடுவே ஹெப்சியிடம் கெஞ்சினாள். ஹெப்சி அந்த ஈர மண்ணிலேயே மண்டியிட்டுக் கண்களை மூடினாள். "ஆண்டவரே" என்பதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. பூவம்மாள் ஊதும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்ற பிறகு, ஹெப்சி கண்ணைத் திறக்கத் துணியாமல் அப்படியே இருந்தாள்.