முன்னால் விழுந்த பின்னல்

நடுவர் கார்னர் என்று கை காட்டிய பிறகுதான் கோச் அவளுடைய மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ரூபிணி, இறங்கு."

அதுவரை பார்க்கவே இல்லை.

கால்பந்து மைதானக் கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அம்மா குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மஞ்சள் சட்டை மகளுக்குத் தொளதொளவென்று இருந்தது. போன மாதம் வரை நீலம். இன்று எதிரே ஆடுவதும் அதே நீலம்தான்.

பாதி சீசனில் கிளப்பை மாற்றியது அவள். மகள் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நீலத்தில் மகள் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தாள். அங்கே கோச்சாக இருந்த ஆல்பர்ட் மாஸ்டரின் அண்ணன் மகள் இவா கேப்டன். இவா எல்லா ஆட்டத்திலும் முழுக்க ஆடுவாள். காரணம் ஊருக்கே தெரியும் என்று அம்மா நினைத்தாள். மைதானத்தில் எல்லோர் முன்னாலும் மாஸ்டரிடம் அதைச் சத்தமாகவே கேட்டாள்.

மாஸ்டர் மறுபேச்சில்லாமல் மகளை விடுவித்தார்.

அவ்வளவு சுலபமாக யாராவது விடுவார்களா?

புது கோச் அதைவிடச் சுலபமாகச் சேர்த்துக்கொண்டார். ஓடச் சொல்லவில்லை. பந்தைத் தொடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்.

"அவங்க கார்னர் அடிக்கிறப்ப ஏதோ சிக்னல் வெச்சிருக்காங்களாமே. உனக்குத் தெரியும்ல?"

மகள் தலையாட்டினாள்.

"அது போதும்."

அந்தச் சிரிப்பு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் பதிவு முடிந்துவிட்டது. ஒரு சீசனில் ஒரு முறைக்கு மேல் மாற முடியாது. இங்கேயும் பெஞ்ச் என்றால் மகளுக்கு இந்த வருடம் ஆட்டமே இல்லை.

இவா கொடியருகே பந்தை வைத்தாள்.

சிக்னல் அம்மாவுக்கும் தெரியும். மொட்டைமாடியில் இரண்டு துணிக்கம்பங்களைக் கோலாக்கி மகள் பழகியபோது பந்தை எறிந்து கொடுத்தவள் அவள்தானே. கேப்டன் சாக்ஸை இழுத்துவிட்டால் பந்து பக்கத்துக் கம்பத்துக்கு வரும். ஃபர்ஸ்ட் போஸ்ட். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டால் தூரத்துக் கம்பத்துக்கு. செகண்ட் போஸ்ட்.

மாற்றியிருப்பார்கள். தெரிந்தவள் எதிரணியில் நிற்கும்போது மாற்றாமல் இருப்பார்களா?

இவா நிமிர்ந்தாள்.

பின்னலை எடுத்து முன்னால் போட்டாள்.

மகள் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

பார்த்துவிட்டு ஃபர்ஸ்ட் போஸ்டில் போய் நின்றாள். கையசைத்து மற்ற மஞ்சள்களையும் அங்கேயே கூப்பிட்டாள்.

பந்து எல்லோர் தலைக்கும் மேலாகப் போய் செகண்ட் போஸ்டருகே இறங்கியது. அங்கே ஒரே ஒரு நீலச் சட்டை. அதைத் தடுக்க யாரும் இல்லை.

கோல்.

"என்னக்கா, உங்க பொண்ணு இன்னும் நீலத்துக்குத்தான் ஆடுதா?" பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு மஞ்சள் அம்மா கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவளும் சிரித்து வைத்தாள்.

மகள் குழம்பியிருக்கலாம். பயந்திருக்கலாம். ஆனால் மாடியில் ஒரு தடவைகூடக் குழம்பியதில்லை.

இடைவேளை விசில் ஊதியதும் கோச் நேராக அவளிடம்தான் வந்தார்.

"சிக்னலை மாத்திட்டாங்கன்னு சொல்றா. நீங்களும் பாத்துட்டுதான இருந்தீங்க? நெசமா மாத்திட்டாங்களாக்கா?"

அவர் கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை.

உண்மையைச் சொன்னால் மகளுக்கு இங்கேயும் இடமில்லை.

"மாத்தியிருப்பாங்க சார். வெவரமான ஆளுங்க."

"இருக்கும்." அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "ஆனா இன்னொரு தரம் இப்படி நின்னான்னா, சீசன் முடியிற வரைக்கும் உக்கார வெச்சிருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது."

மஞ்சள் கூட்டம் தண்ணீர் கேனைச் சுற்றி நின்றது. மகள் அதில் இல்லை.

கண்ணால் தேடினாள்.

கோல் வலைக்குப் பின்னால், மதில் ஓரம்.

மகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு நீலச் சட்டை முழங்காலிட்டிருந்தது.

இவா.

நீலத்தில் ஆட்டத்துக்கு முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ரயில் மாதிரி உட்கார்ந்து தலை பின்னிக்கொள்வார்கள். மஞ்சளில் அந்தப் பழக்கம் கிடையாது. இன்று மகளுக்கு அம்மாதான் பஸ்ஸில் வரும்போது பின்னிவிட்டாள். பிரேக் போடும்போதெல்லாம் கை நழுவியது. பாதி ஆட்டத்துக்குக்கூடத் தாங்காமல் அவிழ்ந்துவிட்டது போல.

பேசி வைத்துக்கொண்டார்களா? எப்போதிருந்து?

உற்றுப் பார்த்தாள். பேசவில்லை. இவாவின் பல்லில் ரப்பர் பேண்ட். விரல்கள் அவசரமில்லாமல் முடியை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தன. மகள் கண்ணை மூடியிருந்தாள்.

கிளப் மாறியதிலிருந்து மகளின் தோள்கள் இப்படித் தளர்ந்து அவள் பார்க்கவில்லை.

"ரூபிணி எங்க?" கோச்சின் குரல். அவர் தலை மெதுவாகக் கோல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

வெயில் எப்போதோ இறங்கிவிட்டது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

அவள் எழுந்தாள். வேகமாக நடந்து வலைக்கு முன்னால் போய் நின்று, குடையை விரித்தாள்.