ஒழுகாத குளம்

ஆற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் வாய்க்கால் வழியாக ஒரு குளத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். மணல் தரை என்பதால் இருபதே நாளில் குளம் காலியாகிவிடும்.

"இவ்வளவு தண்ணியையும் எங்க தொலைச்ச?" என்று கேட்டது மீன் தேடி வந்த நாரை. "கோயில் குளத்தைப் பாரு, தை பொறந்தும் தளும்புது. உனக்கு வச்சிக்கத் தெரியலையே."

குளம் கூசிப்போனது. அடுத்த வெள்ளத்தில் வந்த வண்டலிடம், "ஒரு பொத்தல் விடாம அடைச்சிடு" என்று கெஞ்சியது. வண்டலும் அடியில் மெழுகினாற்போல் படிந்தது. அந்த வருஷம் தண்ணீர் இறங்கவே இல்லை. நாரை குடும்பத்தோடு வந்துவிட்டது. பிறகு வந்த வெள்ளம் குளத்தில் இடமில்லாமல் ஆற்றோடு கடலுக்குப் போனது.

மாசியில், பக்கத்துத் தோப்பின் போர்வெல்லுக்குள் இருந்த மோட்டாரைத் தூக்கிக் குளக்கரையில் போட்டார்கள். காயில் கம்பியெல்லாம் கருகிக் கிடந்தது அது.

"என்னாச்சு?" என்றது குளம்.

"தண்ணியில்லாம ஓடி எரிஞ்சிட்டேன். இத்தனை வருஷமும் மேலேயிருந்து யாரோ ஒருத்தர் கொடுத்துக்கிட்டே இருந்தாரு. முகம்கூடப் பார்த்ததில்ல. தோப்பே அவர் தயவுலதான் நின்னுச்சு. இந்த வருஷம் ஒரு சொட்டு இறங்கல." மோட்டார் குரலைத் தாழ்த்தியது. "செத்துக்கித்துப் போயிட்டாரோ என்னவோ. நல்ல மனுஷன்."

"இப்பத்தான் நீ ஒரு குளம்" என்றது நாரை, தண்ணீரில் அலகைக் கழுவியபடி.

குளம் ஒளிந்துகொள்ள இடமில்லாமல், கரை முட்ட நின்றுகொண்டிருந்தது.